ஜிம்மியின் அரிப்பும் பொட்டலத்தின் பட்டியலும்

முன்னுரை

நாயை "வாயில்லாப் பிராணி" என்பார்கள். அதற்கு வாய் உண்டு; நம்மிடம் சொல்லத்தான் தெரியாது. தலை வலித்தால் நாம் அம்மாவிடம் சொல்கிறோம். வயிறு வலித்தால் ஆசிரியையிடம் சொல்லி வீட்டுக்குப் போகிறோம். நாயோ தனக்கு எந்த ஆகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல இயலாமல், போட்டதைத் தின்றுவிட்டு வாலை ஆட்டுகிறது. ஆகவே அதற்குச் சோறு போடுகிறவர்கள் அதற்காக யோசிக்கவும் கடமைப்பட்டவர்கள் ஆகிறார்கள். இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தது எங்கள் வீட்டு நாய் ஜிம்மி. நான் கற்றுக்கொண்டதை என் தோழியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று எண்ணி இங்கே எழுதுகிறேன்.

ஜிம்மிக்கு வந்த துன்பம்

ஜிம்மி நாட்டு நாய். வயது நான்கு. சென்ற ஆண்டு அவன் காதுகளைத் தேய்க்கவும், முன்னங்கால்களை நக்கவும், இரவெல்லாம் வயிற்றைச் சொறியவும் தொடங்கினான். தோல் சிவந்து, முடி உதிர்ந்து, ஒருவித வாடை வீசியது. பக்கத்து வீட்டார் தங்கள் குழந்தைகளை எங்கள் வாசலுக்கு அனுப்பத் தயங்கினார்கள். "பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுங்கள்" என்றார் ஒருவர். "மண்ணெண்ணெய் தடவுங்கள்" என்றார் மற்றொருவர். அப்பா ஒருநாள் இரவு, "இனி முடியாது, சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட வேண்டியதுதான்" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அப்பாவிடம் மூன்று மாதம் தவணை கேட்டேன். "மூன்று மாதந்தான்" என்றார். என் உண்டியலில் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பளபளப்பான நாயின் படமும், "ஆட்டிறைச்சியும் அரிசியும்" என்ற எழுத்தும் உள்ள ஒரு பொட்டலத்தை வாங்கி வந்தேன். "மிருதுவான சருமத்துக்கு" என்றும் அதில் அச்சிட்டிருந்தது. பதினைந்து நாள் போட்டேன். அரிப்பு சிறிதும் குறையவில்லை. நான் செய்த பிழை என்ன? பொட்டலத்தின் முன்பக்கத்தைப் படித்தேன், பின்பக்கத்தைப் படிக்கவில்லை. அதற்கும் முந்திய பிழை, மருத்துவரைப் பார்க்குமுன் கடைக்காரரைப் பார்த்தது.

அரிப்பெல்லாம் ஆகாரத்தால் வருவதன்று

பிறகு ஜிம்மியைக் கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். "நாய்க்கு அரிப்பு என்றதும் எல்லாரும் சாப்பாட்டைத்தான் குற்றம் சொல்கிறார்கள். அது வரிசையில் கடைசியில் நிற்கவேண்டிய குற்றவாளி" என்றார் அவர். அவர் விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

முதலாவது, தெள்ளுப்பூச்சி. அது கடிக்கும்போது அதன் உமிழ்நீர் நாயின் தோலுக்குள் செல்கிறது. சில நாய்களுக்கு அந்த உமிழ்நீரே ஒவ்வாமையை உண்டாக்கும். அப்படிப்பட்ட நாய்க்குச் சில பூச்சிகள் கடித்தாலே போதும், வால் அடியும் இடுப்பும் புண்ணாகிவிடும்.

இரண்டாவது, சொறியை உண்டாக்கும் மைட் என்னும் எட்டுக்கால் சிற்றுயிர். இதைக் கண்ணால் காண இயலாது. தோலை மெல்லச் சுரண்டி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கவேண்டும். இதில் ஒருவகை மனிதர் தோலுக்கும் தொற்றிச் சில காலம் அரிப்பைத் தரும்.

மூன்றாவது, பாக்டீரியாவும் ஈஸ்ட் என்னும் பூஞ்சையும். வேறொரு காரணத்தால் சொறிந்து புண்ணான தோலில் இவை குடியேறி அரிப்பை இரட்டிப்பாக்கும்.

நான்காவது, வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, மகரந்தம் முதலியவற்றால் வரும் ஒவ்வாமை. இவற்றையெல்லாம் பார்த்த பின்னரே ஆகார ஒவ்வாமை என்ற ஐந்தாவது காரணத்துக்கு வரவேண்டும்.

எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் மருந்தாகா. அவை தோலைப் புண்ணாக்கும். நாய் அவற்றை நக்கி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சொறிப்பூச்சிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் இப்போது நல்ல மருந்துகள் கிடைக்கின்றன.

ஜிம்மிக்குப் பூச்சி இல்லை, ஈஸ்ட் இருந்தது. அதற்கு மருந்தும் குளியலும் கொடுத்தோம். வாடை போயிற்று, புண் ஆறிற்று. ஆனால் அரிப்பு பாதிக்குமேல் குறையவில்லை. அப்போதுதான் மருத்துவர், "இனி இவன் என்ன தின்கிறான் என்று பார்ப்போம்" என்றார்.

எந்தப் பொருள் குற்றவாளி?

ஒவ்வாமை என்பது உடலின் காவற்படை செய்யும் தவறு. கிருமியோடு போரிட வேண்டிய அது, ஆகாரத்தில் உள்ள ஒரு புரதத்தைப் பகைவன் என்று எண்ணிப் போரிடுகிறது. புதிதாக முதல்முறை தின்ற பொருளால் இது வருவதில்லை. பலமுறை தின்று பழகிய பொருளே ஒருநாள் பகையாகிறது. "இத்தனை வருஷம் இதைத்தானே தின்றான், இப்போது மட்டும் எப்படி?" என்று பாட்டி கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

ஆகார ஒவ்வாமை உள்ள 297 நாய்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதன்படி மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாதவை 34 சதவிகிதம்; பால் பொருள்கள் 17; கோழி 15; கோதுமை 13. அரிசியும் மீனும் வெறும் 2 சதவிகிதமே. சில நாய்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் ஆகவில்லை.

இதில் இருந்து ஓர் உண்மை தெரிகிறது. "தானியமே நாய்க்கு ஆகாது" என்ற பேச்சுக்கு ஆதாரம் குறைவு. ஒவ்வாமை பெரும்பாலும் இறைச்சி, பால் முதலியவற்றின் புரதத்தாலேயே வருகிறது. நாய்க்குச் சோறு செரிக்காது என்பதும் சரியன்று. மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணு, ஓநாயிடம் இருப்பதைவிட நாயிடம் பலமடங்கு பெருகியிருப்பதை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2013இல் காட்டினார்கள். மனிதனோடு வாழ்ந்து, அவன் உண்டதை உண்டு பழகிய பிராணி அல்லவா! தானியம் நீக்கி, பட்டாணியும் பருப்பும் மிகுதியாகச் சேர்த்த சில ஆகாரங்களுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2018இல் ஆராயத் தொடங்கியது. தொடர்பு உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. எனினும் மருத்துவர் சொல்லாமல் தானியத்தை விலக்குவதில் நன்மை இல்லை.

பட்டியலைப் படிக்கும் முறை

இப்பொழுது நான் வாங்கிய பொட்டலத்தின் பின்பக்கத்துக்கு வருவோம். அதில் எழுதியிருந்த வரிசை: சோளம், கோழி உப பொருள் மாவு, அரிசி, கோழிக் கொழுப்பு, ஆட்டிறைச்சி மாவு, பால் பொடி, உப்புகள், வைட்டமின்கள். முன்பக்கத்தில் அரசனாக வீற்றிருந்த ஆடு, பின்பக்கத்தில் ஐந்தாம் இடத்தில் நின்றது! ஜிம்மி தின்று வந்த கோழியும் பாலும் அதற்குள்ளேயே இருந்தன. பிறகு எப்படி அரிப்பு குறையும்?

பட்டியலைப் படிக்கும்போது நினைவில் வைக்கவேண்டியவை:

1. பொருள்கள் எடை மிகுந்ததில் இருந்து எடை குறைந்தது வரை வரிசையாக எழுதப்படும். ஆனால் இந்த எடை நீரையும் சேர்த்தது. பச்சைக் கோழியிறைச்சியில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு நீர். "கோழி மாவு" என்பதோ நீர் நீக்கிய உலர்ந்த பொருள். ஆகவே முதலிடத்தில் "கோழி" என்றிருப்பதால் மட்டும் இறைச்சி அதிகம் என்று முடிவு செய்யலாகாது.

2. ஒரே தானியத்தை இரண்டு மூன்று பெயரில் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் கீழே இறங்கிவிடும். சோளம், சோள மாவு, சோளப் புரதம் என்று மூன்று இடத்தில் இருந்தால் மூன்றையும் கூட்டிப் பார்க்கவேண்டும்.

3. பெயரில் உள்ள சிறு சொல்லையும் கவனிக்கவேண்டும். அமெரிக்காவில் தீவன அதிகாரிகள் சங்கம் வகுத்த முறைப்படி, "ஆட்டிறைச்சி சேர்ந்தது" என்று பெயரிட 3 சதவிகிதம் ஆட்டிறைச்சி இருந்தாலே போதும். "ஆட்டிறைச்சிச் சுவையுடையது" என்றால் சுவை தெரியும் அளவுக்கு இருந்தால் போதும்.

4. "இறைச்சி உப பொருள்", "விலங்குக் கொழுப்பு" என்று பொதுவாக எழுதியிருந்தால், அது எந்த விலங்கு என்று தெரியாது. ஈரல், நுரையீரல் போன்ற உப பொருள்கள் கெட்டவை அல்ல, சத்துள்ளவையே. ஆனால் ஒவ்வாமை உள்ள நாய்க்குப் பெயர் தெரியாத பொருள் ஆகாது.

5. வேறு பெயரில் மறைந்திருப்பதைக் கண்டுகொள்ளவேண்டும். மோர்ப்புரதம், கேசின், சீஸ் எல்லாம் பாலே. ரவை, மைதா எல்லாம் கோதுமையே; குளுட்டனும் கோதுமையாக இருக்கலாம்.

6. புரத அளவை ஒப்பிடும்போது நீரைக் கழித்துவிட்டு ஒப்பிடவேண்டும். இது நம் கணக்குப் பாடமே. டப்பாவில் வரும் ஈர ஆகாரத்தில் புரதம் 8 சதவிகிதம், நீர் 78 சதவிகிதம் என்று கொள்வோம். உலர்பொருள் 22. அப்படியானால் புரதம் 8ஐ 22ஆல் வகுத்து நூறால் பெருக்க, ஏறக்குறைய 36 சதவிகிதம். உலர்ந்த ஆகாரத்தில் புரதம் 24, நீர் 10 என்றால், 24ஐ 90ஆல் வகுக்க ஏறக்குறைய 27 சதவிகிதம். பார்வைக்கு மூன்று மடங்கு குறைவாகத் தெரிந்த டப்பாவே புரதத்தில் மிஞ்சியது!

தோலுக்கு வேண்டிய சத்துகள்

விலக்கவேண்டியதை மட்டும் பார்த்தால் போதாது. சேர்க்கவேண்டியதும் உண்டு. முடி பெரும்பாலும் புரதத்தால் ஆனது. ஆகவே நல்ல புரதம் வேண்டும். லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் தோலின் ஈரத்தைக் காக்கிறது. நாயின் உடல் அதைத் தானே செய்துகொள்ளாது. ஆகாரத்தில் இருந்துதான் பெறவேண்டும். சூரியகாந்தி எண்ணெயிலும் கோழிக் கொழுப்பிலும் அது உண்டு. மத்தி போன்ற மீன்களின் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் தோலின் அழற்சியைத் தணிக்க உதவும். ஆனால் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். துத்தநாகம் குறைந்தால் கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் தடித்துச் செதில் உதிரும். தானியத்தில் உள்ள ஃபைடேட் என்ற பொருளும், அளவுக்கு மீறிய சுண்ணாம்புச் சத்தும் துத்தநாகத்தை உடல் ஏற்காமல் தடுக்கும். "நல்லதுதானே" என்று கால்சியம் பொடியை அள்ளிப் போடுவது நல்லதன்று என்பதற்கு இதுவே காரணம்.

விலக்குச் சோதனை

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று இரத்தத்தைச் சோதித்துச் சொல்லிவிட முடியாதா என்று மருத்துவரைக் கேட்டேன். ஆகார ஒவ்வாமைக்கு அந்தச் சோதனைகள் நம்பத்தக்கவை அல்ல என்றார். நம்பத்தக்க வழி ஒன்றே. நாய் இதுவரை தின்னாத ஒரு புரதத்தையும் ஒரு மாவுப்பொருளையும் மட்டும் எட்டு வாரம் கொடுக்கவேண்டும். அல்லது புரதத்தை மிகச் சிறு துண்டுகளாகச் சிதைத்துத் தயாரித்த மருத்துவ ஆகாரத்தைக் கொடுக்கவேண்டும். அத்துண்டுகளை உடலின் காவற்படை எளிதில் அடையாளம் காணாது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆகாரங்களைச் சோதித்தபோது, சிலவற்றில் பட்டியலில் இல்லாத விலங்கின் புரதமும் இருந்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே சோதனைக்கு அவை ஏற்றவை அல்ல.

மருத்துவ ஆகாரம் எங்கள் வசதிக்கு மிஞ்சிய விலை. ஜிம்மி தின்னாத புரதம் எது என்று பட்டியல் போட்டோம். கோழி, மாடு, முட்டை, பால் எல்லாம் தின்றவன். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் மீன். தலையும் முள்ளும் நீக்கிய மிச்சம் அவனுக்கே. எங்கள் வீட்டில் சமைக்காதது பன்றி இறைச்சி ஒன்றுதான். ஆகவே நன்றாக வேகவைத்த பன்றி இறைச்சியும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் என்று மருத்துவர் அளவு எழுதிக் கொடுத்தார். "எட்டு வாரத்துக்கு மட்டுமே. ஆயுள் முழுக்க இதையே கொடுத்தால் சுண்ணாம்பும் துத்தநாகமும் குறைந்துவிடும்" என்று எச்சரித்தார். பாட்டி முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பிறகு அவர்களே தனிச் சட்டி எடுத்து வைத்தார்கள்.

ஒரு பழைய நோட்டில் நாள்தோறும் மாலை பத்து நிமிடம் அவன் எத்தனை முறை சொறிகிறான், நக்குகிறான் என்று குறித்தேன். முதல் வாரத்துச் சராசரி 31. இரண்டாம் வாரம் 24. மூன்றாம் வாரம் குறையவேண்டியது 29ஆக ஏறியது. எனக்கு மனம் உடைந்துவிட்டது. அன்று இரவு தம்பி என்னிடம் வந்து, "அக்கா, நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனுக்குப் பால் பிஸ்கட் ஒன்று கொடுத்தேன். அவன் பாவமாகப் பார்த்தான்" என்று அழுதான். நான் அவனைத் திட்டவில்லை. நானும் அப்படித்தானே செய்து வந்தேன்! சோதனையில் ஒரு பிஸ்கட்டும் கணக்குதான். இறைச்சிச் சுவை சேர்த்த பூச்சி மாத்திரையும் கணக்குதான். மீண்டும் முதல் நாளில் இருந்து தொடங்கினோம். நான்காம் வாரம் 19, ஆறாம் வாரம் 9, எட்டாம் வாரம் 4. காது வெளுத்தது, வயிற்றில் முடி முளைத்தது.

அதன்பின் வந்ததே மிகக் கடினமான பகுதி. பழைய ஆகாரத்தை மீண்டும் கொடுத்துப் பார்க்கவேண்டும். "குணமாகிவிட்டானே, எதற்கு மறுபடியும் துன்பம்?" என்றேன். "திரும்பக் கொடுத்து அரிப்பு திரும்பினால்தான் ஆகாரமே காரணம் என்பது உறுதி. இல்லாவிட்டால் அது வெறும் ஊகம்" என்றார் மருத்துவர். கொடுத்தோம். ஐந்தாம் நாள் அரிப்பு திரும்பிற்று. நிறுத்தினோம், தணிந்தது. பிறகு ஒவ்வொரு பொருளாக இரண்டு வாரம் சேர்த்துப் பார்த்தோம். கோழி: ஒன்றுமில்லை. அரிசி: ஒன்றுமில்லை. கோதுமை: ஒன்றுமில்லை. பால் சேர்த்த நான்காம் நாள் காதுகள் சிவந்தன.

பால்! நான் நாள்தோறும் மாலையில் என் பங்கில் இருந்து ஊற்றிக் கொடுத்த பால். பாட்டி பிசைந்து வைத்த தயிர்ச்சோறு. தம்பியின் பிஸ்கட். நாங்கள் அன்பு என்று எண்ணிக் கொடுத்தவையே அவனை இரவெல்லாம் வருத்தியிருந்தன.

இப்பொழுது ஜிம்மி

மூன்று மாதத் தவணை எப்போதோ கடந்துவிட்டது. அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. கோழியும் சோறும் அடிப்படையாகக் கொண்டு, பால் எந்தப் பெயரிலும் இல்லாத, முழுச்சத்து உள்ள ஓர் ஆகாரத்தை மருத்துவரைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தோம். அது நான் முதலில் வாங்கியதைவிட விலை குறைந்தது. கடையில் பட்டியலை உரக்கப் படிப்பவர் அப்பாதான். இனி அவனுக்கு எந்த அரிப்பும் வராது என்று சொல்ல முடியாது. ஆனால் எப்படித் தேடுவது என்று எங்களுக்குத் தெரியும்.

ஒவ்வாமை இல்லாத நாய்க்கும் வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லெட், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் ஆகியவை நஞ்சு என்பதையும் தோழியர் நினைவில் கொள்க.

முடிவுரை

லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில், செல்வந்தன் வாசலில் கிடந்த ஏழை இலாசரின் அருகே வந்தவை நாய்களே. கொள்ளைநோயால் காட்டில் தனித்துக் கிடந்த புனித ரோக்குக்கு ஒரு நாய் அப்பம் கொண்டு வந்து கொடுத்ததாக மரபு கூறுகிறது. அதனால் அவரது சுரூபத்தின் காலடியில் இன்றும் நாய் ஒன்று நிற்கிறது. புண்பட்ட மனிதரை விட்டு நாய் ஓடவில்லை. அப்படியிருக்கப் புண்பட்ட நாயை நாம் சந்தையில் விட்டு வருவது முறையாகுமா?

அன்பு செய்ய மனம் மட்டும் போதும் என்று முன்பு நினைத்திருந்தேன். மனத்தோடு பொறுமையும், ஒரு நோட்டும் பென்சிலும், பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கும் கண்ணும் வேண்டும் என்று ஜிம்மி கற்பித்தான். தோழியரே, உங்கள் வீட்டு வாயில்லா ஜீவன் சொறிந்தால் விரட்டாதீர்கள்; முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்; பிறகு பட்டியலைப் படியுங்கள்.

மாணவி, பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு